சிப்பியின் சாட்சியம்

2008இல் செங்கடலில் ஒரு 'புதிய' ராட்சதச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். ஓட்டின் விளிம்பு ஆழமாக வளைந்து வளைந்து மடிந்தது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஹில்லி ரோவா-கியாயிட்டும் குழுவினரும் ட்ரிடாக்னா கோஸ்டாட்டா என்று பேர் வைத்தார்கள். மூன்றே வருஷம். 2011இல் ஹூபரும் எஷ்னரும் வியன்னா அருங்காட்சியக இதழில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள்: இதே சிப்பிக்கு 1899லேயே ஸ்டுரானி 'ஸ்க்வாமோசினா' என்று பெயர் சூட்டியாயிற்று. 1895–98இல் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படையின் 'போலா' கப்பல் செங்கடலிலிருந்து அள்ளிக்கொண்டு போன சரக்கிலிருந்து வந்த பெயர். பேரரசு 1918இல் சிதறிப்போயிற்று. அது வைத்த பெயரோ முன்னுரிமை விதிப்படி ஜெயித்துவிட்டது. கரையில் அதைப் பொறுக்கித் தின்றவர்களின் சொல்லுக்கு இரண்டு பெயரிலுமே இடமில்லை.

பெயர்ச் சண்டை கிடக்கட்டும். சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய பவளத்திட்டுகளின் புதைபடிவங்களில், ராட்சதச் சிப்பிகளுள் இவ்வினம் 80 சதவீதம் வரை. இன்று உயிரோடிருப்பவற்றில் 1 சதவீதம்கூட இல்லை. ஆதிமனிதனின் மிகை அறுவடைதான் காரணமாயிருக்கலாம் என்றது 2008ஆம் ஆண்டுக் கட்டுரை. எரித்திரியாவின் அப்துரில், அதே காலத்துப் பவளப்பாறைக்குள் கற்கருவிகள் கிடைத்த செய்தி 2000இலேயே வெளிவந்திருந்தது. துணைக்கு அது.

தர்க்கம் லேசானதல்ல. மற்ற இரண்டு இனங்கள் ஆழத்திலும் வாழும். இதுவோ முழங்கால் தண்ணீரில், திட்டின் மேல்தட்டில் கிடப்பது. முங்கத் தெரியாதவனும் எடுத்துவிடலாம். ஆனால் அதே காரணத்தால், மேடேறி நிலமாகிப்போன பழைய மேல்தட்டில் இதுதானே அதிகம் கிடைக்கும்? புதைபடிவம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அல்ல. எது எங்கே மூடுண்டதோ அது மட்டுமே மிஞ்சுகிற ஆவணக்கிடங்கு. அதை வைத்துக்கொண்டு 'மனிதன் ஆதியிலிருந்தே அழிப்பவன்' என்கிற பெருங்கதையாடலைக் கட்டினால் லாபம் யாருக்கு? கல்லைக் கையில் வைத்திருந்தவனும், அகாபாவில் துறைமுகமும் ஓட்டலும் கட்டியவனும் ஒரே 'மனிதன்' ஆகிவிடுகிறான். குற்றம் சமமாகப் பங்கிடப்பட்டு, யாரும் பதில் சொல்ல வேண்டாத ஒன்றாகிவிடுகிறது.

ஓட்டிலேயே இன்னொரு பதிவும் உண்டு: வளர்ச்சி வரிகள். அகாபா வளைகுடாவின் இன்றைய சிப்பிகள் புதைபடிவச் சிப்பிகளைவிட வேகமாக வளர்வதாக 2021இல் கில்லமும் சகாக்களும் எழுதினார்கள். காற்றில் வந்து கடலில் படியும் நைட்ரேட் ஊட்டம், அதாவது நம் புகையும் உரமும், ஒரு காரணமாயிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். வேகமாக வளர்கிறது, எண்ணிக்கையோ விரல்விட்டு எண்ணுமளவு. ஸ்க்வாமோசினாவின் முட்டையிடும் பருவம் வசந்தத்தில், அதுவும் குறுகியதே. கலக்க அருகில் இன்னொன்று இல்லையென்றால் கடலில் விட்டது விட்டதுதான்.