பட்டவருக்குத்தான் தெரியும்

திருச்சி பக்கம் காவிரிக் கரையில் குணசீலம் பெருமாள் கோயில். மனநோயாளிகளை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், அங்கே தங்க வைப்பது வழக்கம். ஒரே துன்பம் பட்ட குடும்பங்கள் ஒன்றுகூடும் இடம்!

பாரீஸ் பிசெத்ர் மருத்துவமனைக்குக் கண்டமாலை நோயோடு வந்தவர் புஸ்ஸான். 1780களில் அங்கேயே மனநோயாளர் பகுதிக்குப் பொறுப்பாளரானார். குணமானவர்களையே ஊழியர்களாக எடுத்தார். 1797ல் சங்கிலிகளைக் கழற்றினார்.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடிக் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் பலியானார்கள்.

2017ம் ஆண்டு மனநலச் சட்டம் மாநில ஆணையத்தில் மனநோய் கண்டவர்கள் சார்பில் 2 பேருக்கு இடம் தந்தது. நல்லதுதான். ஆனால் புஸ்ஸான் தந்தது நாற்காலி அல்ல, வேலை. தஞ்சை மருத்துவமனைக்குப் பயந்து வருபவரிடம் "எனக்கும் இருந்தது, மீண்டுவிட்டேன்" என்று சொல்லும் ஊழியர் வேண்டும்.