மத்தும் கடைசலும்

தமிழிலே 'கடைதல்' என்னும் வினை இருவேறு தொழில்களைக் குறிக்கும். தயிரைக் கலக்கி வெண்ணெய் திரட்டுவதும் கடைதல். மரத்தைச் சுழலவிட்டு உளியாற் சீவி உருட்சியாக்குவதும் கடைதல். அடுக்களையிலுள்ள மத்து இவ்விரண்டிற்கும் உரியது. அது முன்னர்க் கடையப்பட்டது, பின்னர்க் கடைவது. இருதொழிற்கும் ஒரு சொல் வழங்குவதன் பொருத்தம் அவற்றின் செய்முறையை நோக்கிற் புலனாகும்.

தயிர் கடைவோர் மத்தின் தண்டிலே கயிற்றைச் சுற்றி, அதன் இருதலைப்பையும் மாறிமாறி இழுப்பர். பழைய கடைசற்பட்டறையிலும் இதுவே முறை. இருமுனைகளிடையே தாங்கிய மரத்துண்டிற் கயிற்றைச் சுற்றி உதவியாள் ஒருவன் இழுக்க, கடைசற்காரன் உளியைப் பொருத்திப் பிடிப்பான். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. தயிருக்கு இருபக்கச் சுழற்சியும் பயன்படும். உளியோ, மரம் தன்னை எதிர்த்து வரும்போது மட்டுமே வெட்டும். மறுசுழற்சியில் அதனைச் சற்றே விலக்கல் வேண்டும். எனவே சுழற்சியிற் பாதி வீணாயிற்று. கடைசற்பொறியின் வரலாறு பெரும்பாலும் ஆட்செலவையும் இவ்வீணையும் குறைக்க முயன்ற வரலாறே எனலாம்.

எகிப்திலே பெற்றோசிரிசு என்னும் குருவின் கல்லறையிலுள்ள, ஏறக்குறையக் கி. மு. 300 ஆம் ஆண்டுக்குரிய புடைப்புச் சிற்பம் கடைசலைக் காட்டும் மிகப் பழைய சான்றாகக் கருதப்படுகின்றது. அங்கே ஒருவன் கயிறிழுக்க, மற்றவன் உளி பிடிக்கின்றான். இந்தியாவிலே, நிலத்தமர்ந்து ஒரு கையால் வில்லை இயக்கி, மறுகையாலும் கால்விரலாலும் உளியைத் தாங்கித் தனியொருவனே கடைவதும் உண்டு. ஐரோப்பியர் கயிற்றின் ஒரு தலைப்பை வளையும் கம்பிலும், மறுதலைப்பைக் கால்மிதியிலும் பிணித்தனர். இதனால் இருகையும் உளிக்கு உரியவாயின. இங்கிலாந்தின் யோர்க்கு நகரிலே கொப்பர்கேற் என்றொரு தெருவுண்டு. பழைய நோர்சு மொழியில் அதன் பொருள் கிண்ணஞ் செய்வோர் தெரு என்பதாம். 1976 முதல் 1981 வரை அங்கே நிகழ்ந்த அகழ்வில், கடைந்த கிண்ணங்களும் அவற்றின் நடுவிலிருந்து கழித்த கட்டைகளும் வெளிப்பட்டன. பெயர் கூறியதை மண் மெய்ப்பித்தது.

மிதியுடன் சுழற்சில்லை இணைத்தபோது மரம் ஒரே திசையில் இடையறாது சுழன்றது. உளியும் ஓய்வின்றி வெட்டியது. லியொனாடோ டாவின்சியின் ஓவியக் குறிப்புகளில் இத்தகைய பொறி காணப்படும். 1800 ஆம் ஆண்டளவில் ஹென்றி மோட்ஸ்லி இரும்பாலமைத்த திருகு வெட்டும் கடைசற்பொறி, பிற பொறிகளைத் துல்லியமாய் ஆக்கும் வழியைத் திறந்தது. கிண்ணமும் மத்தும் கடைந்த கருவியின் வழிவந்ததே கைத்தொழிற் புரட்சியைத் தாங்கிய பொறியென்பது சிந்திக்கற்பாலது.

ஆனால் அப்புரட்சியே பழைய கடைசற்காரனின் பிழைப்பைப் பறித்தது. ஒரே மரக்கட்டையில் ஒன்றனுள் ஒன்றாகப் பல கிண்ணங்கள் கடைந்தெடுத்த ஜோர்ஜ் லெய்லி, பேக்சயர்ப் பகுதியில் 1958 இல் மறைந்தார். அவருடைய பொறியும் உளிகளும் றெடிங் நகர் அருங்காட்சியகத்தில் உள. அவர் கைப்பழக்கம் அங்கில்லை. பிற்காலத்தார் அக்கருவிகளை ஆராய்ந்தே அக்கலையை மீளக் கற்கலாயினர்.

கருவியைப் பேணல் எளிது. கைத்திறனைப் பேணல் அரிது. நம்மூர்ப் பட்டறைகளில் வழங்கும் கருவிப் பெயர்களையும் செய்முறைகளையும் அத்தொழிலாளர் வாய்மொழிப்படியே எழுதிவைத்தல் வரலாறு கற்கும் மாணவர்தம் கடனாகும். அரசர் செய்திகளைக் கல்லும் செப்பும் காத்தன. மத்துக் கடைந்தவன் செய்தியை, எழுதுவாரின்றேல், ஒரு சொல் மட்டுமே காக்கும்.