பாதியாக்கிய பத்தொன்பது

மேடையேறும் நம்மவர் சிலர், பதின்ம எண்முறையே அரபியரின் கண்டுபிடிப்பு என்று முழங்குவதுண்டு. அது பிழை. அதனினும் வருந்தத்தக்கது, இம்மிகைப் புகழ்ச்சி நம் முன்னோர்க்கு உரிய மெய்ப்புகழை மறைத்துவிடுவதாகும்.

பத்து இலக்கங்களால் எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதும் முறை இந்தியாவில் தோன்றியது. அரபு அறிஞர்கள் இதை ஒளிக்கவில்லை. ஹிஜ்ரி 341இல் (கி.பி. 952-53) திமிஷ்க் நகரில் அபுல் ஹஸன் அல் உக்லீதிஸீ இயற்றிய கணித நூலின் பெயரிலேயே ‘அல் ஹிஸாபுல் ஹிந்தீ’, அதாவது இந்தியக் கணக்கு, என்ற தொடர் நிற்கிறது. ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னத்தையும் அதே இலக்கங்களால் எழுதிக் காட்டும் மிகப் பழைய நூல்களுள் இஃதொன்று. அவருடைய பெருமை இங்கேதான் இருக்கிறது.

அந்நூலில் அவர் 19ஐ ஐந்து முறை பாதியாக்குகிறார்: 9.5, 4.75, 2.375, 1.1875, 0.59375. புள்ளிக்குப் பதிலாக ஒன்றாம் இலக்கத்தின் தலைமேல் சிறு கோடிட்டார். இச்செயலுக்கு அரபியில் ‘தன்ஸீஃப்’ என்று பெயர். அது மஸ்தர் என்பதை மதரஸாவில் ஓதும் பிள்ளையும் அறியும். தமிழில் ‘பாதியாக்கல்’ என்போம்; கூட்டல், கழித்தல் போல அதுவும் தொழிற்பெயரே. (ஆங்கிலம் கற்றோர் மஸ்தரை ‘இன்ஃபினிடிவ்’ என்று பெயர்ப்பது முற்றும் பொருந்தாது. அதற்கு நெருங்கியது ‘பாதியாக்க’ என்னும் நம் செயவென் எச்சமே.)

இதே கணக்கைக் கிளியனூரிலும் மரக்காணத்து உப்பளக் கரையிலும் வாழ்ந்த பழந்தலைமுறையினர் எவ்வாறு சொல்லியிருப்பர்? ஒன்பதரை, நாலே முக்கால், இரண்டே காலே அரைக்கால், ஒன்றே அரைக்காலே மாகாணி, அரையே மாகாணியே அரை மாகாணி. செவிக்கு இனிமைதான். ஆனால் கீழே இறங்க இறங்கப் புதுப்பெயர் ஒன்று வேண்டும். உக்லீதிஸீயின் முறைக்கோ இன்னும் ஓர் இலக்கம் போதும்.

பிற்காலத்தில் ஸமர்கந்தில் கியாஸுத்தீன் ஜம்ஷீது அல் காஷீ, 1427இல் முடித்த ‘மிஃப்தாஹுல் ஹிஸாப்’ நூலில் இப்பின்னங்களை முறைப்படி விளக்கினார். ஐரோப்பாவில் ஸ்டெவினின் சிறுநூல் இதைப் பரப்பியது 1585இல்தான்.

நம் சந்தைக்கு இது வந்து சேர்ந்தது 1957 ஏப்ரல் 1ஆம் நாள். பதினாறு அணா கொண்ட ரூபாய் அன்று நூறு நயா பைசாவாயிற்று. ஓரணா 6.25 பைசா; கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று கொண்டனர். நாலணாவில்தான் கணக்குச் சரியாக 25இல் வந்து நின்றது. அந்த நாலணாக் காசும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாததாயிற்று. ஐம்பது காசை மட்டும் நம் பெரியவர்கள் இன்றும் எட்டணா என்றே சொல்லுகின்றனர்.