காகுவானாப் பாறைச் செதுக்குருவங்களும் தைனோப் பெயர்களும்

புவேர்த்தோ ரிக்கோத் தீவின் நடுமலைப் பகுதியில், ஊத்துவாடோ நகருக்கு மேற்கே, தனாமா ஆற்றை ஒட்டிக் காகுவானா அமைந்துள்ளது. கற்களை நட்டு எல்லை வகுத்த ஆடுகளங்கள் பல இங்கு உள்ளன. அத்தகைய களத்தையும் அதில் நிகழ்ந்த பந்தாட்டத்தையும் தைனோ மக்கள் 'பத்தேய்' என்ற ஒரே சொல்லால் குறித்தனர். 1915இல் ஜான் ஆல்டன் மேசன் இவ்விடத்தை அகழ்ந்தார். நடுக்களத்தின் மேற்கு ஓரத்துக் கற்களில் செதுக்கப்பட்ட உருவங்களுள், தவளையைப் போல் கால் மடித்திருக்கும் பெண்ணுருவம் பெரிதும் பேசப்படுவது. அதனை 'அத்தபேய்' என்னும் தாய்த்தெய்வமாகக் கொள்வர் அறிஞர் பலர். கல்லிலோ எழுத்தில்லை. எனின், இப்பெயர் எங்கிருந்து வந்தது?

அண்டைத் தீவாகிய இசுப்பானியோலாவிலிருந்து வந்தது. கொலம்பசின் இரண்டாம் பயணத்தில் அங்குச் சென்ற துறவி ராமோன் பானே, 1498 அளவில் அம்மக்களின் சமயக் கதைகளை எழுதி முடித்தார். அவர் கத்தலோனியர், ஸ்பானியம் அவருக்குத் தாய்மொழியன்று. முதலில் அவர் கற்றதும் தைனோ மொழியன்று, மக்கோரீசு என்னும் வேறொரு மொழியே. அவரது மூல ஏடு மறைந்துவிட்டது. கொலம்பசின் மகன் பெர்னாண்டோ தம் நூலில் அதனைச் சேர்த்திருந்தார். அந்நூலை அல்ஃபோன்சோ தெ உல்லோவா இத்தாலியத்தில் பெயர்க்க, அப்பெயர்ப்பு 1571இல் வெனிசில் அச்சாயிற்று. இன்று முழுமையாகக் கிடைப்பது இதுவே.

மொழியியலார்க்குச் சுவையான சிக்கல் இங்குத்தான் எழுகின்றது. தாய்த்தெய்வத்துக்குப் பெயர்கள் ஐந்து என்கிறது இத்தாலியப் பாடம். ஆனால் அது தருவன அத்தபேய், இயெர்மாவோகுவாகார், அப்பித்தோ, சூயிமாக்கோ என நான்கே. பானேயின் ஏட்டைக் கண்டு இலத்தீனில் சுருக்கிய பீட்டர் மார்ட்டிரோ அத்தபெயிரா, மாமோனா, குவாகாராப்பித்தா, இயெல்லா, குயிமாசோவா என ஐந்தையும் தருகிறார். 'குவாகார்' ஒன்றில் முன்சொல்லின் இறுதி. மற்றொன்றில் பின்சொல்லின் முதல். 1974இல் பானேயைப் பதிப்பித்த ஹோசே ஹுவான் அர்ரோம் அதனைத் தனிப்பெயராகப் பிரித்து ஐந்தாக்கினார். எண்ணிக்கை நிரம்புகிறது, எனினும், மார்ட்டிரின் பாடம் இப்பிரிப்பை ஆதரிக்கவில்லை. மூலத்தில் சொல் எங்கு முடிந்தது என்பதை இப்பாடங்களைக் கொண்டு அறுதியிட இயலாது.

தைனோ மொழியில் எஞ்சியவை பெரும்பாலும் தனிச்சொற்களே. (தமிழில் வழங்கும் 'கொய்யா'வும் போர்த்துக்கீசியர் வழி வந்த அரவாக்குக் குடும்பச் சொல்லே என்பர், தைனோவும் அக்குடும்பத்ததே.) ஆதலின் ஒலி ஒப்புமை கொண்டு இப்பெயர்களுக்குப் பொருள் காண்போர், முதலில் சொல்லெல்லையை நிறுவுதல் வேண்டும்.

'அத்தபேய்' இரு பாடங்களிலும் முதலில் நிற்பதால் ஓரளவு உறுதியானது. காகுவானாக் கல்லுக்கு அது உரியது என்பது வேறு செய்தி. ஒரு தீவின் கதையை மற்றொரு தீவின் உருவத்தோடு பிற்கால ஆய்வாளர் பொருத்திய கருத்து அது. அருங்காட்சியகக் குறிப்புகளைப் பெயர்ப்போர் 'அத்தபேய் எனக் கருதப்படும் பெண்ணுருவம்' என்று எழுதுதலே பொருந்தும்.