ரயரும் வீட்டுப் பழுதுபார்ப்பும்

துவிச்சக்கரவண்டியின் பழுதை உரியவரே வீட்டில் நீக்கிக்கொள்ளும் வசதி, காற்றடைத்த ரயரோடு உடன் வந்ததன்று. பெல்பாஸ்ற் நகரத்துக் கால்நடை வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப் 1888ஆம் ஆண்டில் அத்தகைய ரயருக்குக் காப்புரிமை பெற்றார். பயணம் மென்மையாயிற்று, பழுதோ பெருந்துன்பமாயிற்று. ஏனெனில், அக்காலத்து ரயர் றிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. 1889இல், பிரான்சு நாட்டுக் கிளேர்மோன் பெரான் நகரில் மிஷலின் சகோதரரின் தொழிற்சாலையை நாடிவந்த ஒருவரது ரயரைக் கழற்றிச் செப்பனிட மூன்று மணி நேரத்துக்கு மேலாயிற்று. பசை உலர ஓர் இரவும் வேண்டியிருந்தது. இத்துன்பமே கழற்றத்தக்க ரயருக்கு வித்தாயிற்று. 1891இல் அதனைப் பூட்டிய வண்டியிலேயே சாள் தெரோன், பாரிசிலிருந்து பிரெஸ்ற் சென்று மீளும் ஓட்டத்தில் வெற்றி பெற்றார்.

ரயர் றிம்மினின்று பிரிந்தமையாற் பழுதுபார்க்கும் வாய்ப்பு உரியவர் கைக்கு வந்தது. ஏற்றதைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பும் உடன் வந்தது. 28 அங்குலம் எனப்படும் ரயர்கள் யாவும் ஒரே அளவின அல்ல. அப்பெயர் வெளிவிட்டத்தையே உத்தேசமாகக் குறிக்கும். றிம்மிற் பொருந்தும் விட்டமோ 28 × 1½ ரயருக்கு 635 மில்லிமீற்றர். 28 × 1⅝ × 1⅜ ரயருக்கு 622 மில்லிமீற்றர். ஒன்றுக்குரிய றிம்மில் மற்றையது பொருந்தாது. ஆதலின், புதியது வாங்கச் செல்வோர் பழைய ரயரின் பக்கத்திற் பொறித்த எண்கள் அனைத்தையும் குறித்துக்கொண்டு செல்லல் வேண்டும்.