கனத்த உடலும் நெடிய மூச்சும்: பங்க்ரேஷன் வீரரின் உடலமைப்பு பற்றிய கார்டினரின் முடிவுக்கு ஒரு மறுப்பு

எடைப் பிரிவு இல்லாத சண்டையில் கடைசியில் வெல்வது பருத்த உடல்தான் என்ற எண்ணம் விளையாட்டு வரலாற்றில் ஆழ ஊறிப்போயிருக்கிறது. பண்டைய கிரேக்கத்தைப் பொறுத்தவரை அதற்கு வலுவான வடிவம் தந்தவர் நார்மன் கார்டினர். 1910இலும் 1930இலும் வெளிவந்த அவருடைய நூல்களைத் தொடாமல் இத்துறையில் யாரும் நுழைய முடிவதில்லை. கிரேக்கர்கள் போட்டியாளர்களை வயதால் பிரித்தார்களே தவிர எடையால் பிரிக்கவில்லை. அதனால் குத்துச்சண்டை முதலான கனத்த போட்டிகள் கனத்த உடலினரின் தனிச்சொத்தாயின என்கிறார் அவர். தொழில்முறை வீரர்கள் பெருகப் பெருகச் சதை கூடியது, நுட்பம் குறைந்தது. கிமு 5ஆம் நூற்றாண்டின் அளவான உடல் போய், உரோமர் காலத்தின் பருத்த உடல் வந்தது என்பது அவர் வரையும் சித்திரம்.

இதன் முதல் பகுதியில் தகராறு இல்லை. எடைப் பிரிவு இருந்ததற்குச் சான்றே கிடையாது. அதிலிருந்து அவர் இறங்கும் முடிவுதான் கேள்விக்குரியது. குத்து, உதை, மல், கழுத்து நெரிப்பு எல்லாம் கலந்த பங்க்ரேஷனை எடுத்துக்கொண்டால் அந்த முடிவு காலவரிசையிலேயே இடறுகிறது.

ஒலிம்பியாவில் பங்க்ரேஷன் சேர்க்கப்பட்டது கிமு 648இல். முதல் வெற்றியாளர் சிரக்யூஸ் நகரத்து லிக்டாமிஸ். யூசிபியஸ் வழியாக நமக்குக் கிடைக்கும் வெற்றியாளர் பட்டியலில் இவரைப் பற்றி ஒரு விசித்திரக் குறிப்பு உண்டு. ஒலிம்பியா ஓடுகளத்தை இவர் தம் பாதத்தால் அளந்தாராம். சரியாக 600 அடி வந்ததாம். அந்தக் களத்தின் நீளம் சுமார் 192 மீட்டர். வகுத்துப் பார்த்தால் பாதம் 32 சென்டிமீட்டர். மனிதரின் பாதம் உயரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு என்ற பொதுக்கணக்கை வைத்தால் உயரம் இரண்டு மீட்டரைத் தாண்டிவிடுகிறது.

இந்தக் கணக்கை வரலாறாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. ஹெராக்ளிஸ் தன் பாதத்தால் அளந்த களம் அது என்றொரு தொன்மம் முன்பே வழங்கியது. பித்தகோரஸ் அதை வைத்து ஹெராக்ளிஸின் உயரத்தைக் கணித்ததாக ஆலஸ் கெல்லியஸ் சொல்கிறார். லிக்டாமிஸ் கதை அந்தத் தொன்மத்தின் மறுபதிப்பாகவே இருக்கலாம். பாசனியாஸும் இவர் ஹெராக்ளிஸ் அளவு பெரியவரா என்று தமக்குத் தெரியாது, சிரக்யூஸ் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார். ஆனால் கதை பொய்யாகவே இருக்கட்டும். கிரேக்கர்களின் நினைவில் மிகப் பெரிய உடல் எங்கே நின்றது என்பதே நமக்கு வேண்டியது. அது தொடக்கத்தில் நிற்கிறது. பங்க்ரேஷனில் அடுத்த பேருடலினரான பொலிடாமஸ் வென்றது கிமு 408இல். ஒருநாளில் எருது தின்றதாகக் கதை பெற்ற மல்லர் மிலோ கிமு 6ஆம் நூற்றாண்டினர். மூவரும் கார்டினர் சொல்லும் சீரழிவுக்கு முந்தியவர்கள்.

பிந்திய காலத்து வீரர்கள் எதற்காகப் புகழப்பட்டார்கள்? இங்கேதான் ஒலிம்பியாச் சாசனம் ஒன்றில் நான் நின்றுவிடுகிறேன். டிட்டன்பெர்கரும் பர்கோல்டும் 1896இல் பதிப்பித்த தொகுதியில் அது 54ஆம் எண். டைபீரியஸ் கிளாடியஸ் ரூஃபஸ் என்ற பங்க்ரேஷன் வீரருக்காக, ஒலிம்பியாப் போட்டிகளை நடத்திய எலிஸ் நகரத்தார் நிறைவேற்றிய தீர்மானம். பயிற்சிக் காலத்தில் அவர் ஒழுங்காக நடந்துகொண்டார், பேர்பெற்ற எதிராளிகளைச் சந்தித்தார் என்று வழக்கமான புகழுரையாகத் தொடங்கி, சட்டென்று ஒரு காட்சிக்குள் நுழைகிறது. இறுதிச் சண்டைக்கு ரூஃபஸ் முந்தைய சுற்றுகளை ஆடிக் களைத்து வருகிறார். எதிரே நிற்பவர் சீட்டுக் குலுக்கலில் ஒரு சுற்று ஓய்வு கிடைத்தவர். சண்டை பொழுது சாய்ந்தும் முடியவில்லை. வானத்தில் நட்சத்திரம் தெரியும் வரை ரூஃபஸ் விட்டுக்கொடுக்கவில்லை. போட்டி முடிவின்றி நின்றது. வெல்லாத ஒருவருக்கு ஒலிம்பியாவில் சிலை வைக்க அனுமதி கிடைத்தது.

சாசனத்தின் ஆண்டு தீரவில்லை. அவருடைய பெயர், அவர் குடும்பத்துக்கு உரோமக் குடியுரிமை கிளாடியஸ் அல்லது நீரோ காலத்தில் வந்திருக்கும் என்று காட்டுகிறது. எனவே கிபி 41க்கு முன்னால் கொண்டுபோக இயலாது. பின்னெல்லையை நான் திறந்தே விடுகிறேன். எப்படியானாலும் கார்டினரின் வீழ்ச்சிக் காலத்துக்குள்தான் வருகிறது.

ரூஃபஸ் எவ்வளவு கனம் என்று சாசனம் சொல்லவில்லை. புகழுரையில் எடையைச் சொல்லும் வழக்கம் இல்லை என்று கார்டினர் தரப்பில் பதில் வரலாம், நியாயமான பதில்தான். ஆனால் ஒலிம்பியாப் போட்டிகள் நடந்தது கோடையின் உச்சத்தில். உடல் பருக்கும்போது எடை ஏறும் வேகத்தில் தோலின் பரப்பு ஏறுவதில்லை. உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேற வழி குறைகிறது. இடைவேளைச் சுற்றுகளே இல்லாத ஒரு சண்டையை, அதற்கு முந்தைய சண்டைகளுக்கும் மேலாக, இருட்டும் வரை தாக்குப்பிடித்த உடல் வெறும் சதைப்பொதியாக இருந்திருக்க முடியாது. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

கார்டினர் பக்கத்துக்குப் பலமான சாட்சி மருத்துவர் காலன். போட்டி வீரர்கள் சதையிலும் இரத்தத்திலும் மூழ்கி அறிவை இழந்தவர்கள் என்று அவர் சாடுகிறார். ஆனால் பயிற்றுநர்களோடு தொழிற்பகை கொண்டவர் காலன். அவர் சொல்லை அளவெடுப்பாகக் கொள்ளக் கூடாது. எதிர்ச் சாட்சியான ஃபிலோஸ்ட்ராட்டஸ், கிபி 3ஆம் நூற்றாண்டில், பயிற்றுநர் கலைக்காகவே ஒரு நூல் எழுதினார். யூத்னரின் 1909ஆம் ஆண்டுப் பதிப்பு கார்டினரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதில் குத்துச்சண்டை வீரருக்கு நீண்ட கையும் வலுவான முன்கையும் உயர்ந்த கழுத்தும் கேட்கப்படுகின்றன. முன்தள்ளிய வயிறும் பயன்படும், எதிராளியின் குத்து முகத்தை எட்டவிடாது என்கிறார். இந்த வரியைப் பருத்த உடலுக்கான சான்றாக எடுக்கலாம். ஆனால் உள்ளடங்கிய வயிறே மேல் என்பதையும் அவர்தான் சொல்கிறார். மல்லரின் உடலைத் தனியே விவரித்துவிட்டு, பங்க்ரேஷனுக்கு வரும்போது தனி உடலமைப்பு எதையும் அவர் வகுப்பதில்லை. குத்துவோரைவிட நன்றாக மல் பிடிக்கிறவரும், மல் பிடிப்போரைவிட நன்றாகக் குத்துகிறவருமே முழுமையானவர் என்பது அவர் தீர்ப்பு. உருண்டு திரண்டு வளைந்துகொடுக்கும் கரடி உடல், மார்பும் கையும் வலுத்துக் கீழ்ப்பகுதி மெலிந்த சிங்க உடல், வார்போல் இழுபடும் உடல் என்று அவர் அடுக்கும் வகைகளில் ஒவ்வொன்றுக்கும் நிறையும் உண்டு, குறையும் உண்டு.

கார்டினருக்குக் கிடைக்காத சோதனை ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. 1993 நவம்பரில் டென்வரில் யு.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டைப் போட்டி எடைப் பிரிவு இல்லாமலே தொடங்கியது. வென்றவர் சுமார் 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி. அடுத்த ஆண்டு டிசம்பரில் தம்மைவிட முப்பது கிலோவுக்கு மேல் கூடிய டான் செவர்னைக் கால்களால் கழுத்தை நெரித்துப் பணியவைத்தார். அப்போது தரைப்பிடி தெரிந்தவர்கள் சிலரே. ஆகவே இதை மட்டும் வைத்து எடை பயனற்றது என்று வாதிட மாட்டேன். நுட்பம் பரவியதும் எடை திரும்பி வந்தது. 1997இல் 200 பவுண்டில் கோடு கிழித்தார்கள். 2000இல் உருவான பொது விதிகளில் ஹெவிவெயிட் என்பது 93 கிலோவுக்கு மேல் 120 வரை என்று நின்றது.

அந்த உச்சவரம்பை ஒட்டி நின்றவர்கள்தான் ஆண்டார்களா? 120 கிலோவுக்குள் வர உடலைக் குறைக்க வேண்டியிருந்த பிராக் லெஸ்னரை, அவரைவிடப் பத்துக் கிலோ குறைந்த கெய்ன் வெலாஸ்கெஸ் 2010இல் முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். ஜப்பானில் 183 சென்டிமீட்டர் ஃபெடோர் எமெலியானென்கோ, 218 சென்டிமீட்டர் சோய் ஹாங் மானின் கையை 2007இன் கடைசி நாளில் பூட்டினார். 180 சென்டிமீட்டர் டேனியல் கோர்மியர் 2018இல் 193 சென்டிமீட்டர் ஸ்டிபே மியோசிச்சை வீழ்த்திப் பட்டம் வென்றார்.

என் வாதத்துக்கு மிகவும் இடைஞ்சலானவர் பிரான்சிஸ் இங்கானு. சுமார் 119 கிலோ, 211 சென்டிமீட்டர் கைவீச்சு. கார்டினர் பார்த்திருந்தால் தம் பக்கம் சேர்த்துக்கொண்டிருப்பார். 2018 ஜனவரியில் அவர் முதல் சுற்றிலேயே மூச்சைச் செலவழித்து, மியோசிச்சிடம் ஐந்து சுற்றுகளில் தோற்றார். 2021 மார்ச்சில் அதே எடையோடு வந்து, மியோசிச் காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது அதைத் தடுத்து முதுகுப்புறம் ஏறி, இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். 2022 ஜனவரியில் முழங்கால் காயத்தோடு சிரில் கானை எதிர்கொண்டபோது, குத்துக்குப் பேர்போன அந்த மனிதர் திரும்பத் திரும்ப எதிராளியைத் தரையில் சாய்த்து, ஐந்து சுற்றும் நின்று நடுவர் தீர்ப்பில் பட்டத்தைக் காத்துக்கொண்டார்.