அப்பாவுக்கு வருமானம் எவ்வளவு?

வருடா வருடம் ஜூன், ஜூலை வந்துவிட்டால் ஏரவாடா பக்கம் இருக்கிற நம்மாட்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சார், பிள்ளைக்கு காலேஜ் சீட் கெடச்சிருச்சு. இன்கம் சர்டிபிகேட் எங்க வாங்கறது? ஊர்லயா, இங்கயா?" இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு அப்பாவின் வருமானத்தை ஏன் தாசில்தார் சொல்ல வேண்டும் என்று தோண்ட ஆரம்பித்தால் விஷயம் 1860க்குப் போய் நிற்கிறது. நான் பி.காம். சரித்திரம் நமக்கு ஆகிவந்த பாடம் இல்லை. இருந்தாலும் கணக்குப்பிள்ளை புத்தியோடு கொஞ்சம் படித்ததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1857 கலகத்தில் காலியான கஜானாவை நிரப்ப ஜேம்ஸ் வில்சன் 1860ல் வருமான வரியைக் கொண்டுவந்தார். வருடத்துக்கு 200 ரூபாய்க்குக் கீழே சம்பாதித்தால் வரி இல்லை. 1886ல் வந்த சட்டம் விவசாய வருமானத்தை வரியிலிருந்து எடுத்துவிட்டது. நிலவரி ஏற்கெனவே கட்டுகிறார்களே என்பது நியாயம். இன்றைக்கும் மத்திய அரசின் வருமான வரி விவசாயத்தைத் தொடுவதில்லை. ஆக, நாட்டில் பெரும்பாலோருக்கு வருமானத்தைச் சொல்ல வரிக் காகிதம் கிடையாது. யாருக்கு எத்தனை ஏக்கர், என்ன விளைந்தது என்பது நம் ஊரில் கர்ணத்துக்குத் தெரியும், இங்கே மராட்டியத்தில் குல்கர்ணிக்கும் பிறகு தலாட்டிக்கும் தெரியும். நமக்கு அடங்கல், இவர்களுக்கு சாத்பாரா. படிப்புக்கு அரசு உதவி என்று வந்தபோது வருமானத்தைச் சொல்லும் வேலை நிலவரி ஆபீசிலேயே தங்கிப்போனதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. ஏர் பிடித்தவனுக்காக ஏற்பட்ட வழி. தள்ளுவண்டிக்காரனுக்கும் டிரைவருக்கும் அதுவேதான்.

படிப்புக்கு அரசுப் பணம் என்ற பேச்சில் ஏரவாடாவுக்கே ஒரு பங்கு உண்டு. நான் தினமும் தாண்டிப்போகிற இந்த மத்தியச் சிறையில்தான் காந்தி 1932 செப்டம்பரில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24ல் பூனா ஒப்பந்தம். அம்பேத்கரோடு நம் எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ராஜாஜி எல்லோரும் கையெழுத்து போட்டிருக்கிறார்கள். தொகுதி விவகாரத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அதன் கடைசி ஷரத்தை யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு மாகாணமும் கல்விக்கு ஒதுக்கும் பணத்தில் தாழ்த்தப்பட்டவர்களின் படிப்பு வசதிக்கென்று போதுமான தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்கிறது அது. வருமானம் என்ற வார்த்தையே அதில் இல்லை. அம்பேத்கரே 1913ல் பரோடா மகாராஜா கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டில் கொலம்பியாவுக்குப் போனவர். 1944ல் மத்திய அரசின் உதவித்தொகை ஆரம்பித்ததிலும் அவர் பங்கு உண்டு. அந்தத் திட்டத்தில் இன்று பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது.

யஷ்வந்த்ராவ் சவான் முதல்வராக இருந்தபோது இங்கே ஆண்டு வருமானம் 1200 ரூபாய்க்குக் கீழே உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. பழைய மராத்தி ஆட்கள் இன்றும் 'ஈ.பி.சி.' என்று பிரியமாகச் சொல்வார்கள்.

வருமானக் கணக்கு ஒரு அரசாங்கத்தையே ஆட்டிய கதை நம் ஊரில் நடந்தது. 1970ல் சட்டநாதன் கமிஷன், பிற்படுத்தப்பட்டோரில் வருடம் 9000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களின் பிள்ளைகளை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கலாம் என்றது. கலைஞர் அதைத் தொடவில்லை. 1979ல் எம்.ஜி.ஆர். தொட்டார். 9000 ரூபாய் என்றால் மாதம் 750. இந்த 750 யாரைப் பிடிக்கும்? சம்பளச் சீட்டு உள்ளவனை மட்டும்தான் பிடிக்கும். பள்ளிக்கூட வாத்தியாரும் ரயில்வே கிளார்க்கும் கையும் களவுமாக மாட்டுவார்கள். ஐந்து கடை வைத்திருக்கிற முதலாளியும் பத்து ஏக்கர் நஞ்சைக்காரரும் கர்ணத்திடம் போய் 8500 என்று எழுதி வாங்கி வந்துவிடலாம். வரம்பு சரியா தப்பா என்ற சண்டை வேறு. அளக்கிற கோல் இல்லாமல் வரம்பு வைத்தார்களே என்பது ஒரு பேங்க்காரனாக என் ஆட்சேபம். திராவிடர் கழகம் தெருவில் இறங்கியது. தி.மு.க.வும் எதிர்த்தது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு இரண்டே இடம். உடனே ஆணை வாபஸ். அதோடு நிற்காமல் ஒதுக்கீடு 31 சதவீதத்திலிருந்து 50 ஆனது. அதே வருடம் நவம்பரில் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளையும் எம்.ஜி.ஆர். ஒழித்தார். பிறகு வந்தவர்தான் நம் வி.ஏ.ஓ. (இரண்டையும் யாராவது சேர்த்து எழுதியிருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை.)

மத்தியில் 1992 மண்டல் தீர்ப்புக்குப் பிறகு 1993ல் ஒரு லட்சம் என்று கிரீமி லேயர் வரம்பு வந்து, ஏறி ஏறி 2017ல் எட்டு லட்சமானது. அந்த எட்டு லட்சத்தில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. உதவித்தொகைக்கான சான்றிதழிலோ எல்லாம் சேரும். இரண்டும் வேறு வேறு காகிதம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெளிமாநிலத்தில் இருக்கிற நமக்கு இன்னொரு முடிச்சு. மும்பையின் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி வழக்கில் 1990ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: சொந்த மாநிலத்தில் பட்டியலில் இருந்தாலும், பிழைக்கப் போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. ஆக, சாதிச் சான்றிதழ் ஊரோடு ஒட்டியது. வருமானம் அப்படியா? சம்பாதிப்பது இங்கே. ஆனாலும் நம்மாட்கள் ரயில் ஏறிப் போய், இருபது வருடமாகத் தங்களைப் பார்க்காத வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கி வருகிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் சிரிப்பார்கள். அங்கே 1954லேயே கல்லூரிகள் சேர்ந்து, பெற்றோர் கணக்கை ஒரே இடத்தில் வாங்கிப் பார்க்க ஓர் அமைப்பு வைத்துக்கொண்டன. 2024-25லிருந்து ஃபாஃப்சா படிவத்துக்கு வரித்துறையிலிருந்தே வருமான விவரம் நேராக வந்துவிடுகிறது. வரி கட்டுகிறவர்கள் நாட்டில் அது நடக்கும்.

என் மேஜைக்கு வருவோம். கல்விக்கடன் திட்டம் 2001ல் வந்தது, அப்போது நாலு லட்சம் வரை ஜாமீன் சொத்து வேண்டாம் என்று வைத்தார்கள். 2009-10லிருந்து வட்டி மானியம். பெற்றோர் வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் விதிக்குள் வந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும். வருடம் ஒரு லட்சமாக நாலு வருடம் வாங்கினால், பத்து சதவீதத்தில் அந்த வட்டி 1,40,000 ரூபாய். மாநில அரசு குறித்த அதிகாரி தரும் சான்றிதழுக்கு இதுதான் விலை.

தள்ளுவண்டியில் இட்லி விற்கும் ஒரு நம்மூர்க்காரர் மகளுக்கு இன்ஜினீயரிங் சீட்டோடு வந்தார். கடன் படிவத்தில் மாத வருமானம் 30,000 என்று எழுதியிருந்தார், கட்டுவேன் என்று காட்ட வேண்டுமே. கூட வைத்த ஊர்ச் சான்றிதழிலோ வருடத்துக்கே 36,000. ஒரே ஃபைலில் இரண்டு அப்பா! இப்படிப் போனால் கடன் மேலே எங்கும் நகராது. உட்கார வைத்துக் கேட்டேன். 30,000 வருமானமில்லை, விற்பனை. அரிசி, உளுந்து, கேஸ், தேங்காய், வண்டி வாடகை எல்லாம் போக மாதம் பதினாலாயிரம் நிற்கிறது. வருடம் 1,68,000. வரம்பு நாலரை லட்சம்! உள்ளதைச் சொன்னாலே மானியம் கிடைக்கும். வரம்பு தெரியாமல், பயத்தில் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்திருக்கிறார். இது அவர் ஒருவர் செய்வதில்லை, நான் பார்க்கிற பாதி ஃபைல் இப்படித்தான்.

புனே தாசில்தாரிடமே 1,68,000க்கு வாங்கி வாருங்கள், கடன் படிவத்திலும் அதையே எழுதுங்கள் என்றேன். தலையாட்டினார். கிளம்பும்போதுதான் கேட்டார், "சார், எங்கிட்ட இருக்கறது காவி ரேஷன் கார்டு. இத்தனை எழுதினா வெள்ளையாக்கிருவாங்களா?" மராட்டியத்தில் 1999 மே மாதம் வந்த மூன்று நிற கார்டு விதிப்படி காவிக்கு ஒரு லட்சம்தான் எல்லை. ஆக்கலாம் என்றேன். திரும்ப வந்து உட்கார்ந்தார். என் பேனாவையே வாங்கி, மாத ரேஷன் அரிசிக்கு எவ்வளவு, ஐந்து வருடத்துக்கு எவ்வளவு என்று ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார்.